காருக்கு எந்த ஒயில்: சாதாரணமா, சிந்தெற்றிக்கா?

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது குடும்பங்களின் செலவுப் பட்டியலில் வீட்டுக்கு அடுத்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் கார்தான். வீட்டுக் கடனுக்கும் காப்புறுதிக்கும் பத்துப் பேரிடம் விசாரித்து முடிவெடுக்கும் நாம், ஒயில் மாற்றும் நாளில் மட்டும் கராஜில் கேட்கப்படும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறோம். "அண்ணை, சாதாரண ஒயிலோ, சிந்தெற்றிக்கோ?" சிலர் மலிவானதைப் போடச் சொல்வார்கள். சிலர் விலை கூடியது நல்லதாகத்தானே இருக்கும் என்று தலையாட்டுவார்கள். இரண்டும் கணக்குப் பார்க்காமல் சொல்லும் பதில்கள்.

வணிகப் பட்டம் பெற்று, பிறருடைய கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கும் இது பிந்தித்தான் விளங்கியது. கனடாவுக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் கடனுக்கு வாங்கிய ஒரு பழைய கார் எங்களிடம் இருந்தது. ஒயில் மாற்றியவர், "சிந்தெற்றிக் போட்டிருக்கு, பத்தாயிரம் கிலோமீற்றருக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்றார். நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் இரவு வேலைக்குப் போகும் வழியில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் வேலைத்தலம் வந்துவிடும் என்று தொடர்ந்து ஓட்டினோம். போய்ச் சேருவதற்கு முன்னரே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னர் கம்பியை இழுத்துப் பார்த்தபோது அதன் நுனியில்கூட ஒயில் படவில்லை. பழைய எஞ்சின் ஒயிலை எரித்துக்கொண்டே வந்திருக்கிறது.

காருக்கான தவணை இன்னும் 19 மாதங்கள் பாக்கியிருந்தது. ஓடாத காருக்குக் காசு கட்டிக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு பஸ் மாறி இரவு வேலைக்குப் போனோம். ஊரிலிருந்த அம்மாவுக்கு அனுப்பும் காசு நான்கு மாதங்கள் பாதியாகியது. ஊற்றிய ஒயிலில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. நல்ல ஒயிலை ஊற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் பார்க்காமல் விட்டதுதான் பிழை. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டு வகை ஒயில்களையும் ஒப்பிடுவதோடு, அந்த ஒப்பீடு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

எஞ்சினுக்குள் ஒயில் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் நடுவே மெல்லிய படலமாக நிற்பது ஒயிலின் முதல் வேலை. அதோடு பிஸ்ரன், தாங்கி போன்ற பகுதிகளின் சூட்டை எடுத்துச் செல்கிறது. எரிபொருள் எரிவதால் வரும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏந்திக்கொண்டு, துரு பிடிக்காமலும் காக்கிறது. ஒயில் கறுத்துப் போவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அழுக்கை எஞ்சினில் படியவிடாமல் தன்னோடு சுமக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். நிறத்தை மட்டும் வைத்து ஒயில் கெட்டுவிட்டதா, இல்லையா என்று சொல்ல முடியாது.

போத்தலில் வருவது வெறும் எண்ணெய் அல்ல. பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மிகுதி, சுத்திகரிக்கும் பொருள், தேய்மானத்தைக் குறைக்கும் பொருள், நுரைக்காமல் தடுக்கும் பொருள் எனப் பல இரசாயனச் சேர்க்கைகள். நாட்கள் செல்லச் செல்ல இந்தச் சேர்க்கைகள் வேலை செய்து தீர்ந்து போகின்றன. எந்த ஒயிலையும் என்றோ ஒருநாள் மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகமான ஏ.பி.ஐ. அடிப்படை எண்ணெய்களை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் மசகு எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுக்கப்படுபவை. சாதாரண ஒயில் என்று நாம் சொல்வது இவற்றிலிருந்து வருவது. மூன்றாவது வகையும் மசகு எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆனால் உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஐதரசனோடு தாக்கமுறச் செய்து, அதன் மூலக்கூறுகளின் அமைப்பே மாற்றப்படுகிறது. நான்காவது வகை, சிறிய மூலக்கூறுகளைத் தொழிற்சாலையில் இணைத்துக் கட்டப்படும் பொலிஅல்பாஒலிபின். எஸ்ரர் போன்ற ஏனையவை ஐந்தாவது வகையில் அடங்கும்.

கார் ஓட்டும் பொதுமக்களிடையே செயற்கை எண்ணெயைப் பரவலாக்கியவற்றுள் முக்கியமானது 1974இல் விற்பனைக்கு வந்த மோபில் 1. அக்காலத்தில் செயற்கை என்றால் நான்காவது, ஐந்தாவது வகைகளையே குறித்தது. பின்னர் காஸ்ட்ரோல் நிறுவனம் மூன்றாவது வகையையும் சிந்தெற்றிக் என்று விற்றபோது மோபில் முறைப்பாடு செய்தது. 1999இல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரோலின் பக்கம் முடிவு சொன்னது. அதன் விளைவாக இன்று வட அமெரிக்காவில் முழுச் சிந்தெற்றிக் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி மூன்றாவது வகைதான். ஜேர்மனியில் அச்சொல் இன்னும் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. அங்கே மூன்றாவது வகையை எச்.சி. சிந்தேஸ என்று தனியே குறிப்பிடுவார்கள். இதனால் மூன்றாவது வகை தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். சிந்தெற்றிக் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி விலை கொடுக்கக்கூடாது என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நடைமுறையில் செயற்கை எண்ணெயின் பலம் இரண்டு முனைகளில் தெரியும். ஒன்று கடுங்குளிர். சாதாரண எண்ணெயில் இயல்பாகவே மெழுகு இருக்கும். குளிரில் அது உறையத் தொடங்கும்போது எண்ணெய் தடித்துப் போகிறது. செயற்கை எண்ணெயில் மெழுகு மிகக் குறைவு, அல்லது இல்லை. மற்றது கடும் சூடு. ரேர்போ பொருத்திய எஞ்சின்களில் ஒயில் மிகவும் சூடாகிறது. அங்கே சாதாரண எண்ணெய் விரைவாக ஒட்சியேறிக் களிம்பாகப் படியும். செயற்கை எண்ணெய் கூடிய காலம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்க வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்துறைப் பரிசோதனைகளில் செயற்கை எண்ணெய் சராசரியாக 47 சதவீதம் சிறப்பாகச் செயற்பட்டதாகக் கூறியது. அதற்காக ஒரு சாரதி கூடுதலாகச் செலவிட வேண்டியது ஆண்டுக்குச் சராசரியாக 64 அமெரிக்க டொலர் என்றும் கணக்கிட்டது.

போத்தலில் உள்ள எழுத்துக்கள்

வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கத்தில் பெரிதாக உள்ள பெயரை அல்ல, 5டபிள்யூ-30 என்பது போன்ற இலக்கத்தை. இதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னாலுள்ள எண் சிறிதாக இருக்குமளவுக்குக் குளிரில் ஒயில் இளகி ஓடும். எஸ்.ஏ.ஈ. தரவிதிப்படி எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் பரிசோதனை 10டபிள்யூவுக்கு மைனஸ் 25 பாகை செல்சியஸிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இலும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35இலும் நடத்தப்படும். பின்னாலுள்ள 20, 30, 40 என்பவை எஞ்சின் சூடான பின், அதாவது 100 பாகையில், ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கின்றன.

அடுத்தது தரக்குறி. வட அமெரிக்காவில் ஏ.பி.ஐ. வட்ட முத்திரைக்குள் எஸ்.என்., எஸ்.பி. போன்ற எழுத்துக்கள் இருக்கும். எஸ்.பி. என்பது 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. சிறிய ரேர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றி எஞ்சினைச் சேதப்படுத்தும் குறையைத் தடுப்பதும் அதன் பரிசோதனைகளில் அடங்கும். ஐரோப்பாவில் ஏ.சி.ஈ.ஏ. குறியீடும், வொக்ஸ்வாகன் 504 00, பி.எம்.டபிள்யூ. லோங்லைப்-04 போன்ற உற்பத்தியாளரின் சொந்தக் குறியீடுகளும் முக்கியம். துகள் வடிகட்டி உள்ள டீசல் காருக்குச் சாம்பல் குறைந்த சி வகை ஒயில் தேவை. அங்கே பொருந்தாத ஒயிலை ஊற்றினால், அது எவ்வளவு விலையுயர்ந்த சிந்தெற்றிக்காக இருந்தாலும் வடிகட்டி அடைபடும் காலம் விரைந்து வரும்.

இந்த இரண்டு குறிகளும் உங்கள் காரின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். பல கார்களில் ஒயில் ஊற்றும் மூடியிலும் இலக்கம் இருக்கும். கையேடு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 என்று சொன்னால் உங்களுக்குத் தெரிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. அந்தத் தரங்கள் நடைமுறையில் சிந்தெற்றிக்காகவே கிடைக்கின்றன. கையேடு 5டபிள்யூ-30 போன்ற ஒரு தரத்தைச் சொல்லி, செயற்கை எண்ணெயைக் கட்டாயமாக்கவில்லை என்றால் மாத்திரமே இரண்டில் எது என்ற கேள்வி எழுகிறது.

எங்கள் ஓட்டம் எத்தகையது?

கையேட்டில் வழக்கமான பாவனை, கடினமான பாவனை என்று இரண்டு அட்டவணைகள் இருப்பதுண்டு. கடினமான பாவனை என்றால் மலையேறும் லொறி என்று நினைத்துவிடுகிறோம். குறுந்தூர ஓட்டம், நீண்ட நேரம் நிறுத்தியபடி எஞ்சினை ஓடவிடுதல், கடுங்குளிர் ஆகியவையும் அதில் அடங்கும். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்குவது, ஐந்து நிமிடத்தில் கடைக்குப் போய் வருவது, விடியற்காலையில் பத்திரிகை போடுவது, வீடு வீடாக உணவு விநியோகிப்பது என்று ஓடும் எமது கார்களில் பல, தெரியாமலே கடினமான பாவனையில் இருக்கின்றன.

குறுந்தூர ஓட்டத்தில் நடப்பதை ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இலகுவாக விளக்கலாம். 1990இன் பின்னர் எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் ஒரு சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர்போல இளகி, மண்ணெண்ணெய் மணக்கும். இங்கே மைனஸ் 15 பாகைக் குளிரில் ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் காரிலும் சிறிய அளவில் அதுவே நடக்கிறது. எஞ்சின் சூடாகுமுன் எரியாத பெற்றோலும், எரிதலால் வந்த நீராவியும் ஒயிலில் சேர்கின்றன. நீண்ட தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அவை ஆவியாகிப் போகும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும்.

இதில் செயற்கை எண்ணெய் பாதி உதவிதான் செய்யும். குளிரில் விரைவாக மேலேறி, ஸ்ரார்ட் செய்யும் வேளையில் தேய்மானத்தைக் குறைக்கும். ஆனால் பெற்றோலும் தண்ணீரும் கலப்பதை அதனால் தடுக்க முடியாது. ஆகவே குறுந்தூரம் ஓடும் காருக்குச் சிந்தெற்றிக் போட்டாலும், மாற்றும் இடைவெளியை நீட்டக்கூடாது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்ப்பதை விட்டு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்த எடுகோள்களே. உங்கள் கராஜின் விலையையும் உங்கள் கையேட்டின் இடைவெளியையும் இட்டு நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 24,000 கிலோமீற்றர் ஓடும் கார் என்று வைப்போம். சாதாரண ஒயில் மாற்ற 60 டொலர், இடைவெளி 6,000 கிலோமீற்றர். ஆண்டுக்கு நான்கு தடவை, 240 டொலர். சிந்தெற்றிக் மாற்ற 100 டொலர், இடைவெளி 12,000 கிலோமீற்றர். ஆண்டுக்கு இரண்டு தடவை, 200 டொலர். விலை கூடிய ஒயிலே இங்கு மலிவு. வேலைநாளில் கராஜில் காத்திருக்கும் இரண்டு அரைநாட்களும் மிச்சம்.

அதே காருக்குச் சிந்தெற்றிக்கை ஊற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் 6,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுச் செலவு 400 டொலர். வழக்கமான பாவனையில் உள்ள காருக்கு இது வீண். கராஜில் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிடும் துண்டில் உள்ள எண்ணையும் கையேட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காதவர்கள் பலர் இவ்வாறு செலவழிக்கிறார்கள். மறுபுறம், சாதாரண ஒயிலை 12,000 கிலோமீற்றர் வரை இழுத்தால் ஆண்டுக்கு 120 டொலர்தான். ஏட்டில் 80 டொலர் இலாபம் தெரியும். எஞ்சின் மாற்ற நேர்ந்தால் அது ஆயிரக் கணக்கில் போகும் என்பது அந்த ஏட்டில் தெரியாது.

இன்னொரு கார், ஓய்வுபெற்ற பெற்றோர் கோவிலுக்கும் வைத்தியரிடமும் போய்வர வைத்திருப்பது. ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றர். அதற்குத் தூரத்தைவிடக் காலமே எல்லை. ஒயில் எதுவாக இருந்தாலும் கையேடு சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது, மாற்ற வேண்டும். கையேடு அனுமதித்து, ரேர்போ இல்லாது, கார் சூடான தரிப்பிடத்தில் நிற்கிறது என்றால் அங்கே சாதாரண ஒயில் போதும். வெளியே பனியில் நிற்கும் கார் என்றால் மேலதிகமாகும் 40 டொலர் நியாயமான செலவு.

அடிக்கடி கேட்கும் கதைகள்

"சிந்தெற்றிக்குக்கு மாறினால் திரும்பச் சாதாரணத்துக்கு வரக்கூடாது." இது சரியல்ல. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. பாதிச் சிந்தெற்றிக் என்று விற்கப்படுவதே இரண்டின் கலவைதான். அவசரத்துக்குச் சரியான இலக்கமுள்ள எந்த ஒயிலையும் விட்டு நிரப்பலாம். ஒயில் இல்லாமல் ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

"பழைய காருக்குச் சிந்தெற்றிக் போட்டால் ஒழுகும்." ஆரம்பகாலச் செயற்கை எண்ணெய்கள் சில இறப்பர் அடைப்புகளைச் சுருங்கச் செய்தது உண்மை. இன்றைய ஒயில்களில் அதற்கான சேர்க்கைகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே பழுதான அடைப்பை அழுக்குத்தான் மூடிக்கொண்டிருந்தால், அழுக்குக் கரையும்போது ஒழுக்கு வெளியே தெரியலாம். ஒயிலை எரிக்கும் பழைய எஞ்சினுக்கு விலைகூடிய ஒயிலை ஊற்றிக்கொண்டிருப்பதிலும், அதிக ஓட்டமுள்ள கார்களுக்கென விற்கப்படும் சாதாரண அல்லது கலவை ஒயிலைப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை அளவு பார்ப்பது புத்திசாலித்தனம்.

"தடித்த ஒயில்தான் எஞ்சினுக்குப் பலம்." ஊரில் வெக்கையில் ஓடிய பழைய கார்களுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமாக இருந்தது. இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகள் சிறியவை. குளிர்நாட்டில் அந்த ஒயில் காலையில் மேலேறிச் சேருமுன் தேய்மானம் நடந்துவிடும்.

"காரை விற்ற கொம்பனியில் மாற்றாவிட்டால் உத்தரவாதம் போய்விடும்." அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டம், குறித்த வியாபாரப் பெயருள்ள பொருளை அல்லது குறித்த இடத்துச் சேவையைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010ஆம் ஆண்டின் போட்டி விதிகள், வெளிக் கராஜில் வழக்கமான பராமரிப்புச் செய்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்கும் வழக்கத்துக்கு எதிரானவை. ஆனால் சரியான ஒயிலைச் சரியான நேரத்தில் மாற்றினீர்கள் என்று காட்ட உங்கள் கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். தெரிந்த ஒருவரிடம் காசுக்கு மாற்றி, துண்டு எதுவும் வாங்காமல் வருவது எங்களிடையே சாதாரணம். பத்து டொலர் மிச்சம் பிடிக்கப் போய் உரிமையை இழக்கும் இடம் இதுதான்.

முடிவு எடுக்கும் ஒழுங்கு

முதலில் கையேட்டைத் திறந்து இலக்கத்தையும் தரக்குறியையும் பாருங்கள். அது சிந்தெற்றிக்கைக் கேட்டால், ரேர்போ எஞ்சின் என்றால், அல்லது கார் கடுங்குளிரில் வெளியே நிற்கிறது என்றால் சிந்தெற்றிக்கே போடுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கைப் போட்டு எது மலிவோ அதைத் தெரிவு செய்யலாம். தரக்குறி சரியாக இருக்கும்வரை எந்தக் கொம்பனியின் ஒயில் என்பது பெரிய விடயமல்ல. ஒவ்வொரு தடவையும் ஒயில் பில்ரரையும் சேர்த்து மாற்றுங்கள். வீட்டில் மாற்றுபவர்கள் பழைய ஒயிலை வடிகாலில் ஊற்றாமல், உங்கள் நகரம் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இதன் பின் மாதத்துக்கு இரண்டு தடவை, கார் சமதரையில் நின்று எஞ்சின் ஆறிய பின், கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் வித்தியாசம். கம்பி இல்லாத புதிய கார்களில் திரையில் அளவு காட்டும். ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அது அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. வேலை எவ்வளவு கிட்டவாக இருந்தாலும் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அன்று ஒருநாள் வேலைக்குப் பிந்துவதோடு போகும்.

எங்கள் வீட்டில் இப்போது காருக்குள் ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. திகதி, கிலோமீற்றர், ஊற்றிய ஒயிலின் இலக்கம், கொடுத்த காசு, கம்பியில் பார்த்த அளவு என ஐந்து நிரல்கள். பற்றுச்சீட்டுகள் அதன் கடைசிப் பக்கத்தில் குத்தப்பட்டிருக்கின்றன. கார் ஓடப் பழகிய எங்கள் மகளுக்குச் சாவியைக் கொடுத்த அன்று அந்தக் கொப்பியையும் கொடுத்தோம். நீங்களும் ஒன்றைத் தொடங்கலாம். முதல் நிரல்களை நிரப்ப, அடுத்த முறை காரை எடுக்குமுன் பொனற்றைத் திறந்து கம்பியைப் பார்த்தால் போதும்.